கண்ணை மூடியதும் எழுந்த அலை

காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து வணக்கம் சொல்வது என் வேலை. நிகழ்ச்சி முடிந்த பிறகு இன்னொரு வேலை உண்டு. அது நேயர்களுக்குக் கேட்காது. பதிவு செய்த நேர்காணலைக் கணினியில் திறந்து, அதிலுள்ள ‘ம்ம்’, ‘வந்து’, இருமல், பெருமூச்சு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். திரையில் குரல் ஓர் அலைக்கோடாக ஓடும். பத்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கோடுகளோடுதான் என் பிழைப்பு.

அதனால்தானோ என்னவோ, என் அக்கா மகள் அந்தக் கேள்வியை என்னிடம் கொண்டு வந்தாள். படிவம் நான்கு படிக்கிறாள். வீட்டில் எங்களுக்கு அவள் பாப்பா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

“சித்தி, உங்களுக்குக் கோடு பார்க்கத் தெரியும்தானே?”

“என்ன கோடு?”

“தம்பியோட மூளைக் கோடு.”

ஒரு மாலையும் ஒரு திரையும்

அவள் தம்பி தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். கையும் காலும் வெட்டி இழுத்தன. பாட்டி ஓடிப் போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்து அவன் கையில் திணித்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கரண்டியைக் கொண்டு வந்தார். இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அந்த இரண்டு நிமிடத்தை அக்கா இன்னும் மறக்கவில்லை.

மருத்துவமனையில் தலையில் சிறு சிறு மின்முனைகளை ஒட்டி இ.இ.ஜி. எடுத்தார்கள். மூளையின் மின்னலைகளைத் தலைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்யும் சோதனை அது. வலிக்காது. பாப்பா ஓரமாக நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்த பணியாளர் “துத்துப் மாத்தா” என்று சொல்ல, தம்பி கண்ணை மூடினான். அந்தக் கணமே கோடுகள் மாறின.

“அதுவரைக்கும் கிறுக்கல் மாதிரி ஓடிக்கிட்டிருந்துச்சு சித்தி. கண்ணை மூடினதும் பெருசா, வரிசையா, அலை அலையா எழும்புச்சு. திறந்ததும் அடங்கிருச்சு. அதுதானே அந்த வியாதி?”

வலிப்பு நோய் என்று மருத்துவர் சொன்னார், மருந்து கொடுத்தார். தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறான், பள்ளிக்குப் போகிறான். ஆனால் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. உறவினர் கேட்டால் “மயக்கம்” என்று சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளையோ தான் பார்த்த அலையை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, தம்பி ஒவ்வொரு முறை தூங்கக் கண்ணை மூடும்போதும் பயந்திருக்கிறாள்.

எனக்கு ஊடகத் துறைப் பட்டம்தான். கூடுதல் கணிதத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இந்த இதழில் அச்சிட முடியாது. ஆகவே, உயிர்மருத்துவப் பொறியியல் கற்பிக்கும் என் பல்கலைக்கழகத் தோழியை அழைத்தேன். “கண்ணை மூடினால் அந்த அலை எல்லாருக்கும் வரும். உனக்கும் வரும்” என்றாள். நிம்மதியோடு பாப்பாவிடம் ஓடினேன்.

“ஒன்னுமில்ல பாப்பா. அது இயல்புதானாம்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எல்லாரும் ஒன்னுமில்ல, ஒன்னுமில்லன்னுதான் சொல்றீங்க.”

எனக்குப் பதில் வரவில்லை. பிள்ளையைத் தேற்றுவதற்காக நாம் அடிக்கடி சொல்லும் அந்தச் சொல், உண்மையாகவே ஒன்றுமில்லாதபோது செல்லாக்காசாகிவிட்டது.

தோழி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “சரி, அவளே பார்க்கட்டும். நூறு பேருக்கு மேல் மூளைப் பதிவு இலவசமாகக் கிடைக்குது. கொஞ்சம் நிரல் எழுதக் கத்துக்கிட்டா போதும்.”

109 பேர், 64 மின்முனைகள்

பிசியோநெட் என்பது மருத்துவ ஆய்வுத் தரவுகளைப் பொதுவில் வைக்கும் ஓர் இணையக் களஞ்சியம். அதில் அமெரிக்க ஆய்வாளர்கள் கொடுத்த ஓர் இ.இ.ஜி. தொகுப்பு இருக்கிறது. 109 தன்னார்வலர்கள், தலையில் 64 மின்முனைகள், நொடிக்கு 160 அளவீடுகள். கையை அசைப்பது, அசைப்பதாக மனத்தில் நினைப்பது என ஒவ்வொருவரும் 14 பதிவுகள் கொடுத்திருக்கிறார்கள். எண்ணத்தால் கணினியை இயக்க முடியுமா என்று ஆராயும் துறைக்காகத் திரட்டப்பட்டது அது. எங்களுக்குத் தேவைப்பட்டவை முதல் இரண்டு பதிவுகள் மட்டுமே: ஒரு நிமிடம் கண்ணைத் திறந்து, ஒரு நிமிடம் கண்ணை மூடி.

பெயர்கள் இல்லை. ஒவ்வொருவரும் ஓர் எண். தோழி முதல் நாளே பிள்ளைகளிடம் சொன்ன விஷயம் இது: “ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் ஆள் சம்மதம் கொடுத்து உட்கார்ந்திருக்கார். அதை மறக்காதீங்க.”

‘பிள்ளைகள்’ என்றேன். பாப்பா தனியாக வரவில்லை. வகுப்புத் தோழர்கள் மூன்று பேரையும் இழுத்து வந்தாள். கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சனிக்கிழமை பிற்பகல்களில், இரண்டு மடிக்கணினிகளோடு வகுப்பு தொடங்கியது. தோழி காணொளி அழைப்பில் இருப்பாள். மைலோ கலக்குவதும் மாணவியாக உட்காருவதும் என் பொறுப்பு.

நிரல்மொழி பைத்தான். எழுதும் இடம் கூகுள் கோலேப். உலாவியில் திறந்தால் போதும், கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. நால்வரில் யாரும் முன்பு பைத்தானைத் தொட்டதில்லை.

முதல் வாரம் மூளையே வரவில்லை. நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் ஓர் அலையை வரைந்தார்கள். பிறகு நொடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும் இன்னோர் அலை. இரண்டையும் கூட்டச் சொன்னாள் தோழி. திரையில் ஒரு குழப்பமான கோடு வந்தது. “இதுக்குள்ள என்னென்ன அலை இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

எனக்குப் பதில் தெரிந்த ஒரே கேள்வி அது. பாட்டுக் கேட்கும் கருவியில் ‘பேஸ்’, ‘டிரெபிள்’ என்று குமிழ்கள் இருக்கும் அல்லவா? கலந்து வரும் ஒலியில் தாழ்ந்த சுருதி எவ்வளவு, உயர்ந்த சுருதி எவ்வளவு என்று பிரிக்க முடிவதால்தான் அந்தக் குமிழ்கள் வேலை செய்கின்றன. ஒலிக்கூடத்தில் நான் தினமும் செய்வது அதைத்தான். மூளைப் பதிவிலும் அதே கணக்கு. குறுந்தட்டில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். இந்தத் தொகுப்பில் மூளைக்கு 160 முறையே போதுமானதாக இருக்கிறது, ஏனென்றால் நாம் தேடும் அலை அவ்வளவு மெதுவானது.

ஒரு பையனுக்கு நிரலின் ஆங்கிலம் மிரட்டியது. “வேரியபிள் பெயரைத் தமிழில் வெச்சுப் பாரேன்” என்றாள் தோழி. அவன் ‘கண்_மூடி’, ‘கண்_திறந்து’ என்று தட்டினான். பைத்தான் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை.

காணாமல் போன ஒருவர்

மூன்றாவது வாரம் உண்மையான தரவுக்கு வந்தோம். ஒரு நிமிடப் பதிவு என்றால் ஒரு மின்முனைக்குச் சுமார் 9,600 எண்கள். 64 மின்முனைகளுக்கு ஆறு லட்சத்துக்கும் மேல். கையால் பார்த்து முடியாது. நிரல் ஏன் வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மின்முனைகளின் பெயர்களுக்கும் ஒழுங்கு உண்டு. முன்மண்டையில் இருப்பவை ‘எஃப்’. பின்மண்டையில் இருப்பவை ‘ஓ’. ஒற்றைப்படை எண் இடப்பக்கம், இரட்டைப்படை எண் வலப்பக்கம். கண்ணில் படுவதை மூளை கையாளும் பகுதி பின்மண்டையில் இருக்கிறது. ஆகவே ‘ஓ’ மின்முனைகளை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் ஆளின் பதிவைப் பிரித்துப் பார்த்ததும் பாப்பா கூவினாள். “சித்தி, 60இல் ஏதோ கூர்மையா நிக்குது! அடுத்த ஆளுக்கும் இருக்கு!”

மூளையில் புதிய அலை கண்டுபிடித்துவிட்டதாக நால்வரும் துள்ளினார்கள். எனக்கு மட்டும் சந்தேகம். ஒலிக்கூடத்தில் கம்பி இணைப்பு சரியில்லையென்றால் ‘ஹ்ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வரும். அது சுவர் மின்சாரத்தின் குரல். மலேசியாவில் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது, நம் இரைச்சலும் அங்கிருந்துதான் பிறக்கிறது. “அமெரிக்காவில் எத்தனை?” என்று தேடச் சொன்னேன். 60. மூளைகள் அல்ல, அந்த ஆய்வுக்கூடத்துச் சுவரில் ஓடிய மின்சாரம். பிள்ளைகள் முகம் வாடியது. தோழி சிரித்தாள். “முதல் நாளே ஒரு பொய்க் கண்டுபிடிப்பிலிருந்து தப்பிச்சீங்க. ஆய்வுல பாதி வேலை இதுதான்.”

அடுத்து 20 பேரை எடுத்து, ஒவ்வொருவருக்கும் அதே கணக்கைச் செய்யச் சுழற்சி எழுதினார்கள். வரைபடத்தில் புள்ளிகளை எண்ணினால் 19.

“ஒருத்தரைக் காணோம் சித்தி.”

அரை மணி நேரம் தேடினார்கள். தரவு தொலைந்ததா, இணையம் அறுந்ததா என்று பார்த்தார்கள். கடைசியில் தவறு அவர்கள் எழுதிய ஒரே வரியில் இருந்தது. பைத்தானில் ‘ரேஞ்ச்’ கட்டளைக்கு 1, 20 என்று கொடுத்தால் அது 19 வரைதான் போகும். கடைசி எண் கணக்கில் சேராது. 21 என்று மாற்றியதும் இருபதாவது ஆள் வந்து நின்றார். யாரும் எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த ஆள் இல்லாமலே முடிவு எழுதியிருப்போம்.

வெட்டக் கூடாத ‘ம்ம்’

அன்று மாலை வரைபடம் வந்தது. பெரும்பாலானவர்களுக்குக் கண் திறந்திருக்கும்போது தாழ்ந்து கிடந்த கோடு, கண்ணை மூடியதும் நொடிக்கு 8 முதல் 13 முறை வரையிலான இடத்தில் குன்றுபோல் எழுந்தது. ஒருவருக்கு, அடுத்தவருக்கு, அதற்கடுத்தவருக்கு. தெரியாத ஊரில், தெரியாத மனிதர்கள். தம்பியின் திரையில் அவள் பார்த்த அதே அலை.

பாப்பா அதிகம் பேசவில்லை. ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “அப்போ தம்பிக்கு மட்டும் இல்ல” என்றாள். நான் சமையலறைக்குப் போய் இன்னொரு முறை மைலோ கலக்கினேன்.

இந்த அலைக்கு ஆல்ஃபா என்று பெயர். 1924இல் ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாக மனித மூளையின் மின்னலையைப் பதிவு செய்தார். தன் மகனையே உட்காரவைத்தும் பதிவு எடுத்திருக்கிறார். அலை மூளையிலிருந்துதான் வருகிறதா, வேறு எதுவுமா என்று அவருக்கே சந்தேகம். ஐந்து ஆண்டுகள் சோதித்துப் பார்த்த பிறகுதான் 1929இல் வெளியிட்டார். அப்போதும் பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மேத்யூஸ் என்ற இருவர் தாங்களே செய்து பார்த்து உறுதிப்படுத்தினார்கள். கண்ணை மூடினால் எழும், திறந்தால் அடங்கும். பெரியவர்கள் சொன்னதை நம்பாமல் தானே பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தவள் பாப்பா மட்டும் அல்ல போலிருக்கிறது.

ஒரு விஷயம் மிச்சமிருந்தது. ஒரு சிலருக்கு அந்தக் குன்று சரியாக எழவில்லை. கண்ணை மூடினாலும் திறந்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். “இவங்களை எடுத்துட்டா கிராப் அழகா இருக்கும்” என்றான் தமிழில் பெயர் வைத்த பையன்.

நான் வாயைத் திறக்கவில்லை. தினமும் மற்றவர்களின் ‘ம்ம்’களை வெட்டி அழகாக்குகிறவள் என்ன உபதேசம் செய்வது? தோழிதான் கேட்டாள்: “ஏன் எடுக்கணும்? பதிவுல தப்பு இருக்கா?” இல்லை. “அப்போ அவங்க மூளை அப்படி. ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டுங்கிறதும் ஒரு முடிவுதானே?” புள்ளிகள் அப்படியே இருந்தன. வரைபடம் அழகாக இல்லை. ஆனால் அதில் எல்லாரும் இருந்தார்கள்.

இதனால் முடியாதது

அடுத்த வாரம் பாப்பா கேட்டது நான் எதிர்பார்த்ததுதான். “தம்பியோட பதிவை ஆஸ்பத்திரில வாங்கி, நம்ம நிரல்ல போட்டுப் பார்க்கலாமா?”

தோழி தயங்காமல் மறுத்தாள். பிள்ளைகள் எழுதிய நிரல் ஆல்ஃபாவை அளக்கும், அவ்வளவுதான். வலிப்பு நோயில் மருத்துவர்கள் தேடும் கூர்மையான அலைகள் வேறு. ஒரு நொடியின் சிறு பகுதியில் வந்து மறைந்துவிடும், கண்டுகொள்ளப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். பதிவு இயல்பாக இருந்தாலும் வலிப்பு நோய் இருக்கலாம். நான்கு வாரப் படிப்பை வைத்துத் தம்பியின் மருந்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. “அதோட, அது தம்பியோட பதிவு. அவனைக் கேட்டியா?”

பாப்பாவுக்குக் கோபம். பிறகு அவளே ஒரு நோட்டுப் புத்தகத்தில் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுத ஆரம்பித்தாள். அந்த வீட்டில் அந்தப் பேச்சு மறுபடி தொடங்கியது அங்கிருந்துதான். அக்கா அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுத் தன் கேள்வி ஒன்றையும் கீழே சேர்த்தார். பாட்டி, “இரும்பு கொடுக்கிறது சரியான்னும் கேளு” என்றார்.

பாட்டிக்குக் கிடைத்த பதிலை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இரும்பு வேண்டாம். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. அருகிலுள்ள கூர்மையான பொருள்களை நகர்த்தி, தலைக்கு அடியில் மென்மையாக ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும். மறைப்பதற்கு இதில் எதுவும் இல்லை.

“எஸ்.பி.எம்.மில் வருமா?”

சனிக்கிழமை வகுப்பைப் பற்றிக் கேட்ட பெற்றோர் எல்லாரும் முதலில் கேட்டது இதுதான். வராது. மதிப்பெண் இல்லை, சான்றிதழ் இல்லை. மூளையைப் படிக்க வேண்டுமென்றால் டாக்டராக வேண்டும் என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் இருக்கிறது. மருத்துவர்களோடு கணிதம், பொறியியல், உளவியல், கணினி படித்தவர்களும் இந்தத் துறையில் வேலை செய்கிறார்கள் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும்.

உங்கள் வீட்டில் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால், நாங்கள் தடுமாறிக் கற்றதிலிருந்து சில:

• முதலில் கேள்வி, பிறகு நிரல். ‘பைத்தான் படி’ என்றால் பிள்ளை ஓடும். ‘கண்ணை மூடினால் மூளையில் என்ன நடக்கிறது?’ என்றால் உட்காரும்.

• செலவு இல்லை. ஒரு கூகுள் கணக்கு, இணைய வசதி, மடிக்கணினி போதும். இ.இ.ஜி. பதிவுகளைத் திறக்க எம்.என்.இ. என்ற இலவச பைத்தான் தொகுப்பு இருக்கிறது. நாங்கள் எடுத்த 109 பேரின் பதிவுகளை அதுவே இறக்கித் தரும்.

• ஒரே ஆளிடம் தொடங்குங்கள். ஒருவருக்குச் சரியாக வந்த பிறகு 20 பேர். பிறகுதான் 109.

• முடிவு வந்ததும் எண்ணிப் பாருங்கள். யாரும் காணாமல் போயிருக்கலாம்.

• விஷயம் தெரிந்த ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் கிடைத்தால் நல்லது. பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். எனக்குத் தெரிந்தது ஓர் இரைச்சல் மட்டும்தான். அதற்கும் ஒரு வேலை இருந்தது.

மறுபடியும் அந்த அறை

சென்ற மாதம் தம்பிக்கு மறுபடி இ.இ.ஜி. எடுத்தார்கள். இந்த முறை நானும் போயிருந்தேன். மின்முனைகளை ஒட்டும்போது, பின்மண்டையில் இருப்பவற்றைக் காட்டி, “இதுதான் ஓ1, இது ஓ2” என்று பாப்பா அவனுக்குச் சொன்னாள். பணியாளர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“துத்துப் மாத்தா.”

தம்பி கண்ணை மூடினான். திரையில் அலை எழுந்தது. நான் பாப்பாவைத்தான் பார்த்தேன். அவள் மெதுவாக, உதடு மட்டும் அசைய, அலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சோதனை முடிவை மருத்துவர் பார்த்துச் சொல்வார். அது அவர் வேலை. மருந்து தொடர்கிறது. காரில் திரும்பும்போது பாப்பா பின் இருக்கையில் தம்பியிடம் எல்லாவற்றையும் விளக்கினாள். பெர்கர், அவர் மகன், 109 பேர், காணாமல் போய்க் கிடைத்த இருபதாவது ஆள். “உனக்கும் அவ்வளவு அழகா எழும்புச்சுடா. நீ பார்த்திருக்கணும்.”

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“நான் எப்படிக்கா பார்க்கிறது? கண்ணை மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்?”

முன் இருக்கையில் அக்கா சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.